முடி உதிரும் பூனையும் நாயும்: வீட்டிலேயே பாதுகாப்பாகப் பராமரிப்பது எப்படி?



கடந்த கோடையில் குண்டடம் பகுதியில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். வீட்டில் நீண்ட முடியுள்ள பெர்ஷியன் பூனை வளர்க்கிறார். "ஹஜ்ரத், தொழ நிற்கும்போதெல்லாம் கைலியில் பூனை முடி ஒட்டியிருக்குதுங்க. தொழுகை கூடுமா? பூனையைக் கொண்டுபோய் எங்காவது விட்டுடச் சொல்றாங்க" என்று கேட்டார். பதில் சொல்லி முடித்ததும் தயங்கியபடியே இன்னொன்றும் சொன்னார். "முன்னாடி ரெண்டு பூனை இருந்துச்சுங்க. உண்ணி ஏறியிருக்குதுன்னு, நாய்க்கு வாங்கி வெச்சிருந்த மருந்தை ஒரு பூனைக்குத் தடவினோம். அன்னைக்கு ராத்திரியே வலிப்பு வந்து செத்துப் போச்சுங்க."

தொழுகை பற்றிய கேள்விக்கு மார்க்க நூல்களில் தெளிவான பதில் உண்டு. இரண்டாவது செய்திதான் நம்மை வருந்த வைத்தது. அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. தெரியாமல் செய்த ஒரு காரியத்தால் ஓர் உயிர் போய்விட்டது. எனவே மார்க்கச் சட்டத்தையும், கால்நடை மருத்துவர்கள் வலியுறுத்தும் பராமரிப்பு முறைகளையும் ஒரே கட்டுரையில் சேர்த்துத் தருகிறோம்.

வளர்ப்புப் பிராணி ஓர் அமானிதம்

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகவிட்ட ஒரு பெண் நரகத்திற்குரியவளானாள் என்றும், தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். இரண்டும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளன. ஒரு பிராணியை நம் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் அதன் பசி, தாகம், உடல்நலம் எல்லாவற்றுக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் தமது குதிரையின் முகத்தைத் தமது மேலாடையால் துடைத்துவிட்டதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். ஆடு வளர்ப்பவர் ஒருவரிடம் அபூஹுரைரா (ரலி) அவர்கள், ஆடுகளை நல்ல முறையில் நடத்தும்படியும், அவற்றின் மூக்குச் சளியைத் துடைத்துவிடும்படியும், பட்டியைச் சுத்தமாக வைக்கும்படியும் அறிவுறுத்தியதும் அதே நூலில் உள்ளது. பூனைக்குட்டியோடு தொடர்புடைய பட்டப்பெயரால் அறியப்பட்ட நபித்தோழர் அவர். ஆக, பிராணியின் உடலைத் துடைத்துச் சுத்தம் செய்வதை நம் முன்னோர்கள் தாழ்வான வேலையாகக் கருதவில்லை.

நாய் விஷயத்தில் ஓர் எல்லை உண்டு. கால்நடைக் காவல், விவசாயம், வேட்டை ஆகிய தேவைகள் இன்றி நாய் வளர்ப்பவரின் நன்மை குறையும் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. வீட்டுக் காவலையும் அந்தத் தேவைகளோடு ஒப்பிட்டு அனுமதித்த அறிஞர்கள் பலர். குண்டடம், தாராபுரம், வெள்ளகோவில் பகுதிகளில் தோட்டத்திலும் ஆட்டுப் பட்டியிலும் காவலுக்கு நாய் வைத்திருப்போர் இந்த அனுமதிக்குள் வருகிறார்கள். அனுமதிக்கப்பட்ட நாய்க்கும் பராமரிப்பு கடமைதான்.

உடையில் ஒட்டிய முடியும் தொழுகையும்

நம் கொங்குப் பகுதி முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். கடலோர ஊர்களிலிருந்து தொழிலுக்காகத் திருப்பூர் வந்தவர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் பலர் உண்டு. இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறோம்.

பூனை: பூனை அசுத்தமானதல்ல, அது உங்களைச் சுற்றித் திரியும் பிராணிகளில் ஒன்று என்ற கருத்தில் நபிமொழி உள்ளது. ஹனஃபி மத்ஹபில் பூனை முடி சுத்தமானது. அது உடையில் ஒட்டியிருந்தாலும் தொழுகை கூடும். ஷாஃபிஈ மத்ஹபில், உண்ண ஆகுமாக்கப்படாத பிராணியின் உடலிலிருந்து பிரிந்த முடி நஜீஸ். ஆனாலும் சிறிதளவு மன்னிக்கப்பட்டது. எந்த மத்ஹபினரானாலும் தொழுகைக்கு முன் உதறி, துடைத்துக்கொள்வது நல்லது. இதற்காகப் பூனையைத் தெருவில் விடத் தேவையில்லை. வீட்டில் வளர்ந்த பூனைக்கு வெளியே இரை தேடத் தெரியாது.

நாய்: ஹனஃபி மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்துப்படி நாயின் எச்சில் நஜீஸ், முடி நஜீஸ் அல்ல. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் உடல் முழுவதும் கடுமையான நஜீஸ். இரு பக்கமும் காய்ந்திருக்கும்போது தொட்டால் நஜீஸ் ஒட்டாது. ஏதேனும் ஒரு பக்கம் ஈரமாக இருந்தால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். எனவே நாயைச் சீவவும் குளிப்பாட்டவும் தனி உடை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மாற்றிவிட்டு, தொழுகைக்கு வேறு உடை அணியுங்கள்.

முடி ஏன் உதிர்கிறது?

முடி உதிர்வது இயல்பு. பொமரேனியன் (ஸ்பிட்ஸ்), ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் போன்ற நாய்களுக்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. மேலே முரட்டு முடி, கீழே பஞ்சு போன்ற மென்முடி. அந்த மென்முடிதான் கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு இனங்களுக்குக் குட்டை முடி. அவற்றுக்கும் உதிரும், ஆனால் சிக்கு விழாது. வெயில் காலமும் பகல் நேரத்தின் நீளமும் முடி உதிர்வைப் பாதிக்கின்றன. எப்போதும் விளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிராணிகளுக்கு ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும்.

வட்ட வட்டமாகச் சொட்டை விழுதல், ஓயாமல் சொறிதல், புண், செதில், துர்நாற்றம் ஆகியவை இருந்தால் அது நோயின் அடையாளம். அப்போது சீப்பை எடுக்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

சீவும் முறை

தேவையானவை சில பொருட்களே: மழுங்கிய முனையுள்ள பிரஷ், அகலப் பல் சீப்பு, பேன் சீப்பு, பழைய துணி. நம் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் துணி இதற்கு மிகவும் பொருத்தம். லேசாக ஈரப்படுத்திப் பிராணியின் மேல் தடவினால் தளர்ந்த முடி துணியில் ஒட்டிக்கொள்ளும். பயன்படுத்திய துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

1. சாப்பிட்டு, விளையாடிக் களைத்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் 2 நிமிடம் போதும். பழகிய பிறகு 10 நிமிடம்வரை செய்யலாம்.

2. முற்றம், திண்ணை போன்ற காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மின்விசிறிக்கு நேராக வேண்டாம். சீவுபவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

3. முதலில் கையால் உடல் முழுவதும் தடவிப் பாருங்கள். கட்டி, புண், உண்ணி ஆகியவை கைக்குத் தட்டுப்படும்.

4. முடி வளரும் திசையிலேயே சீவுங்கள். அழுத்த வேண்டாம். வயிறு, அக்குள், காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் தோல் மிக மெல்லியது.

5. சிக்கு விழுந்திருந்தால் விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். சோள மாவைச் சிறிது தூவினால் எளிதாகப் பிரியும். சிக்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சீவுங்கள். கத்தரியால் வெட்டவே வேண்டாம். சிக்கோடு தோலும் மேலே இழுபட்டிருக்கும், குறிப்பாகப் பூனைக்கு. முடியை வெட்டுவதாக நினைத்துத் தோலையே வெட்டிவிடுவோம். தோலோடு ஒட்டிய பெரிய சிக்கை மருத்துவர்தான் மெஷின் வைத்து எடுக்க வேண்டும்.

6. வாலை ஆட்டி அடிப்பது, காதை மடக்குவது, உறுமுவது ஆகியவை 'போதும்' என்பதற்கான அடையாளங்கள். உடனே நிறுத்திவிடுங்கள். பிடித்து அழுத்தினால் கடியும் கீறலும்தான் மிச்சம்.

நீண்ட முடியுள்ளவற்றுக்குத் தினமும், குட்டை முடியுள்ளவற்றுக்கு வாரம் இரண்டு முறையும் சீவினால் போதும். பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது முடியை விழுங்குகிறது. நாம் சீவி எடுக்கும் ஒவ்வொரு முடியும் அதன் வயிற்றுக்குள் போகாமல் தடுக்கப்பட்ட முடி.

குளிப்பாட்டுதல்

சீவிய பிறகே குளிப்பாட்ட வேண்டும். ஈரம் பட்டால் சிக்கு இறுகிவிடும். நாய்க்கு மாதம் ஒரு முறை போதும். பெரும்பாலான பூனைகளுக்குக் குளிப்பே தேவையில்லை. மனிதர் சோப்பும் ஷாம்பூவும் அவற்றின் தோலை வறளச் செய்து அரிப்பை உண்டாக்கும். பிராணிகளுக்கான ஷாம்பூவையே பயன்படுத்துங்கள். டெட்டால், பினாயில் போன்ற கிருமிநாசினிகளைக் குளியல் நீரில் கலப்பது பூனைக்கு விஷம். அது உடலை நக்கும்போது உள்ளே போய்விடும். காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியால் ஒற்றித் துவட்டுங்கள்.

வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று பொமரேனியன் போன்ற நாய்களுக்கு மொட்டையடிக்கிறார்கள். இது தவறு. அந்த முடி வெப்பம் நேரடியாகத் தோலில் படாமல் தடுக்கிறது. மொட்டையடித்தால் தோல் வெயிலில் பொசுங்கும். முடி மீண்டும் சரியாக வளராமலும் போகலாம். நிழலும் குளிர்ந்த குடிநீரும் தினமும் சீவுவதும் போதுமானவை.

உண்ணி மருந்து: உயிர் போகும் தவறு

நாய்க்கும் மாட்டுக்கும் விற்கப்படும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் போன்றவை உள்ளன. பெர்மெத்ரின் வகை மருந்துகளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அந்தச் சகோதரரின் பூனைக்கு நேர்ந்தது போல, நடுக்கம், எச்சில் ஒழுகுதல், வலிப்பு என்று சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அமிட்ராஸும் பூனைக்கு ஆபத்தானது. நாயும் பூனையும் ஒரே வீட்டில் இருந்தால், நாய்க்குப் போட்ட மருந்து காயும்வரை பூனையை நெருங்க விடக் கூடாது.

தவறுதலாகத் தடவிவிட்டால், வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் திரவ சோப்பிலும் உடனே கழுவி, துணியில் போர்த்தி, தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்து அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மண்ணெண்ணெய் தடவுவதும் ஆட்டு மருந்தைக் குத்துமதிப்பாகக் கொடுப்பதும் வேண்டாம். நீலகிரித் தைலம் போன்ற வாசனைத் தைலங்களைப் பூனைக்குத் தடவாதீர்கள். ஒன்றிரண்டு உண்ணிகள் என்றால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கலாம். விரலால் நசுக்கக் கூடாது.

பனியன் வேலை நடக்கும் வீடுகளுக்கு

நம் பகுதியில் பல வீடுகளில் பெண்கள் பிசிறு வெட்டும் வேலை செய்கிறார்கள். தரையில் கிடக்கும் நூலோடு பூனை விளையாடும், விழுங்கியும் விடும். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். ஊசி கோர்த்த நூல் என்றால் இன்னும் ஆபத்து. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வேலை நடக்கும் அறைக்குப் பூனையை விடாமல் கதவைச் சாத்தி வைத்தால் நூல் ஆபத்தும் இல்லை, துணியில் முடி ஒட்டும் பிரச்சினையும் இல்லை.

நமது பாதுகாப்பு

பூனையால் வரும் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதம். முடியும் செதிலும் அதைக் காற்றில் பரப்புகின்றன. மில்லிலும் கம்பெனியிலும் பகலெல்லாம் பஞ்சுத் தூசியைச் சுவாசிப்பவர்களுக்கு இது கூடுதல் சுமை. ஆஸ்துமா உள்ளவர்கள் சீவும் வேலையை மற்றவரிடம் விட வேண்டும். படுக்கை அறைக்குள் பிராணியை அனுமதிக்கக் கூடாது.

படர்தாமரை பூனையிடமிருந்து குழந்தைகளுக்குப் பரவும். கர்ப்பிணிப் பெண்கள் பூனையின் மலத்தை அள்ளக் கூடாது. வேறொருவர் தினமும் அப்புறப்படுத்த வேண்டும்.

நாய், பூனை இரண்டுக்கும் மூன்று மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து போட வேண்டும். சீவும்போது கடித்தாலோ கீறி இரத்தம் வந்தாலோ, ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கு தடுப்பூசி இலவசம். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். எனவே 'வீட்டு நாய்தானே' என்ற அலட்சியம் வேண்டாம்.

முடிவாக

சந்தேகம் எழும்போது மருந்துக் கடையிலோ பக்கத்து வீட்டிலோ கேட்டு முடிவெடுக்காமல், அரசு கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள். நம் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளது.

அந்தச் சகோதரர் மீதமுள்ள பூனையை விட்டுவிடவில்லை. இஷா தொழுகைக்குப் பின் தினமும் திண்ணையில் அமர்ந்து சீவிவிடுவதாகச் சென்ற மாதம் சொன்னார். கைலியில் முடி ஒட்டுவது குறைந்துவிட்டதாம். பேசத் தெரியாத உயிர்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சி நடப்பவர்களாக நம் அனைவரையும் அவன் ஆக்குவானாக! ஆமீன்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.