தழும்போடு பறக்கும் விமானம்



1940-இல் பிரிட்டன் வான்போரில் பி7350 என்னும் ஸ்பிட்ஃபயர் விமானம் சுடப்பட்டு விழுந்தது. செப்பனிடப்பட்ட அதனை, 1948-இல் பழைய உலோகமென்று 25 பவுண்டுக்கு விற்றனர். வாங்கியவர்களோ அதன் மதிப்பை அறிந்து, உடைக்காமல் விமானப்படையின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தனர். 1968-இல் அது மீண்டும் பறந்தது. குண்டு துளைத்த இடங்களின் ஒட்டுகள் அதன் இறக்கையில் இன்றும் தெரிகின்றன.

அதனை அண்ணாந்து பார்க்கையில் ஆயுதத்தை மெச்சாதீர்கள். அப்போரில் மாண்ட 544 பிரிட்டன் தரப்பு விமான வீரர்களையும், எதிர்த்தரப்பில் மாண்டோரையும் நினையுங்கள்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் தழும்புகளை மறைக்கவில்லை, தோமாவுக்குக் காட்டினார். உலகம் உங்களைக் கழித்துப் போட்டிருக்கலாம். தம் இரத்தத்தையே கிரயமாகக் கொடுத்து வாங்கினவர் உங்கள் மதிப்பை அறிவார். தழும்புகளோடே உங்களை எழும்பப் பண்ணுவார். ஆமென்.