டிபி மாத்திரை சாப்பிட்டும் இருமல் நிற்கலையா? நண்டுப் புழுவாகவும் இருக்கலாம்!

வாரக்கணக்கில் இருமல், சளியில் ரத்தம், எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலில் நிழல். உடனே 'டிபி' என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் மணிப்பூர், நாகாலாந்து, அருணாச்சலப் பிரதேசத்தில் இப்படி வந்த சிலருக்கு டிபி மாத்திரை கொடுத்தும் குணமாகவில்லை. காரணம், நுரையீரலில் இருந்தது புழு!

இந்த நோய்க்குப் பெயர் பாராகோனிமியாசிஸ்.

புழு உள்ளே போவது எப்படி?

மலை ஓடைகளில் வாழும் நன்னீர் நண்டுக்குள் இதன் இளம்புழு இருக்கும். நண்டைப் பச்சையாகவோ, தீயில் லேசாக வாட்டியோ சாப்பிட்டால் உயிரோடு உள்ளே போய்விடும். குடல் சுவரைத் துளைத்து, உதரவிதானத்தைத் தாண்டி, நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு, மூன்று மாதத்தில் காபிக்கொட்டை அளவுக்கு வளர்ந்து முட்டையிடும். உடம்பு சும்மா இருக்குமா? நோய் எதிர்ப்பு செல்கள் சுற்றிலும் கூடி முடிச்சு கட்டும். இதுதான் கிரானுலோமா. டிபி கிருமியைச் சுற்றியும் இப்படித்தான் முடிச்சு உருவாகும். குழப்பம் வருவது இங்கேதான்.

கண்டுபிடிப்பது எப்படி?

சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புழுவின் முட்டை தெரியும். ஆனால் டிபி கிருமியை மட்டும் தேடும் சிபிநாட் சோதனையில் இது சிக்காது. முட்டையைத் தேடச் சொல்லி டாக்டர் தனியாக எழுத வேண்டும். சளியை விழுங்கிவிடும் குழந்தைகளுக்கு மலப் பரிசோதனை உதவும். ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் எகிறியிருப்பதும் ஒரு துப்பு.

இதையெல்லாம்விட சுலபமானது ஒரு கேள்வி: "நண்டு சாப்பிட்டீங்களா? எப்படிச் சமைச்சீங்க?" டாக்டர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை என்ன?

பிராசிகுவான்டெல் மாத்திரை. உடல் எடைக்கு ஏற்ப தினமும் 3 வேளை, பொதுவாக 3 நாள். டிபிக்கு வழக்கமாக 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். புழு மூளைக்குப் போயிருந்தால் மட்டும் கதை வேறு. வலிப்பு வரலாம், மருத்துவமனைக் கண்காணிப்பு கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை: இரண்டு நோயும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் வரலாம். அதனால் டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

அப்போ நண்டுக் குழம்பு?

தாராளமாகச் சாப்பிடலாம். இந்தப் புழு கடல் நண்டில் வருவதில்லை, நன்றாகக் கொதித்தால் ஓடை நண்டில் இருப்பதும் செத்துவிடும். உப்பிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவைப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பச்சை நண்டு நறுக்கிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் காய்கறி நறுக்காதீர்கள்.