சேது நாணயங்களும் அச்சு வேறுபாடும்

இறுப்பிட்டியில் என் மாணவனொருவன் பனங்கூடலிற் கண்டெடுத்த செப்புக் காசொன்றைச் சென்ற ஆண்டு என்னிடங் கொணர்ந்தான். பழப்புளியிட்டு நன்கு துலக்கியிருந்தான். பளபளப்பு வந்தது, எழுத்துப் போயிற்று. படுத்த இடபத்தின் முதுகும் மேலே பிறையுமே எஞ்சின.

அது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயமாதல் வேண்டும். ஒருபுறம் நிற்கும் அரசனுருவும், மறுபுறம் இடபமும் அதன்கீழ்ச் 'சேது' என்னுந் தமிழ்ச்சொல்லும் அமைந்தவை இவை. நின்ற உருவம் சோழர் காசின் வழிவந்தது. அச்சொல்லைக் கொண்டு இவற்றை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியனவாக்கினாருமுளர். நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் இராசநாயகமும் யாழ்ப்பாணத்தரசர்க்கே உரியனவென நாட்டினர். கொட்டகமத்திற் கிடைத்த ஆரியச்சக்கரவர்த்தி கல்வெட்டிலும் 'சேது' என்னுஞ் சொல் உண்டு. என் துணிபும் அதுவே. கொட்றிங்டனும் தமது 1924ஆம் ஆண்டு நூலில் இவற்றை யாழ்ப்பாணக் காசுகளோடு வைத்தே ஆராய்ந்தார்.

எனினும் நம்மவர் பெரிதும் கருதாதது அச்சு வேறுபாடாகும். அச்சுக்கள் கையாற் செதுக்கப்பட்டன. தேய்ந்தபின் புதியன செதுக்கப்பட்டன. ஆதலின் பிறையின் சாய்வும், புள்ளிகளின் இடைவெளியும், 'சே'யின் வளைவும் அச்சுக்கு அச்சு மாறும். செப்பு வில்லை அச்சினுஞ் சிறியதாயின் உருவின் ஒருபகுதி வெளியே போய்விடும். ஒரே அச்சிற் பிறந்த பல தேய்ந்த காசுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே முழு அச்சையும் மீட்டெடுத்தல் இயலும்.

அமெரிக்காவில் 1793இலிருந்து அடிக்கப்பட்ட பெரிய செப்புச் சதங்களை அச்சு வேறுபாடுபற்றி எண்ணிட்டு ஷெல்டன் என்பார் 1949இல் நூல் வெளியிட்டார். அந்நாட்டுச் சேகரிப்பாளர் இன்றும் அவ்வெண்களாலேயே காசைச் சுட்டுவர். அங்கே நாணயசாலையின் பதிவுகள் உள. 1619இல் வீழ்ந்த நம் அரசுக்கோ அத்தகையன எஞ்சவில்லை. அரசன் எவ்வளவு காசடித்தான் என்பதற்கு அச்சுக்களின் தொகையன்றி வேறு சான்று யாது? பூநகரியில் ஒன்றும் புங்குடுதீவில் ஒன்றுமாக ஒரே அச்சுக் காசுகள் கிடைப்பின், அவற்றைக் கடலும் நிலமும் பிரித்ததை விட வாணிகம் இணைத்தது தோன்றுமன்றோ!

அதற்குக் கண்டெடுத்த இடம் தெரிதல் வேண்டும். விற்போர் இடத்தைச் சொல்வதில்லை, வாங்குவோர் வினவுவதுமில்லை. அழகிய காசையே நாடுவர். 1991ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே தீவகத்து வீடுகளிலிருந்த காசுகளுட் பல போயின என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அம்மாணவன் இவ்வாண்டு இன்னொரு காசு கொணர்ந்தான். இம்முறை மண்ணோடே கொணர்ந்தான். கடிதவுறையிலிட்டு, இடமும் நாளும் எழுதிவைத்தேன். 'சே' தெளிவாயிருக்கிறது, 'து' பாதியே விழுந்துளது. பிறை முதற்காசிற் போலவே இடப்புறஞ் சாய்ந்துள்ளது. ஒரே அச்சா என்பதைத் துணிய இன்னுஞ் சில காசுகள் வேண்டும்.