தொடுகை மின்னேற்றம்

இரண்டு வஸ்துக்கள் ஒன்றையொன்று தொட்டு விலகும்போது, ஒன்றிலுள்ள எலக்ட்ரான்களில் ஒரு பகுதி மற்றொன்றைச் சென்றடைவதைத் தொடுகை மின்னேற்றம் என்பர். இழந்தது தன ஏற்றமும் பெற்றது ருண ஏற்றமும் அடைகின்றன. மின்சாரம் புதிதாக உற்பத்தியாவதில்லை, கைமாறுகிறது.

உலோகங்களில் விஷயம் எளிது. ஏற்றமுள்ள பித்தளைக் குண்டொன்றை அதே அளவான, ஏற்றமற்ற மற்றொரு குண்டோடு தொடுவித்தால் இரண்டும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் சமமாகும்வரை ஏற்றம் பெயர்ந்து, பெரியதே பெரும்பங்கைக் கொள்ளும். அனைத்திலும் பெரிய குண்டு பூமியே. ஆகையால் அதனோடு இணைந்த கடத்தி தன் ஏற்றம் ஏறக்குறைய முழுவதையும் அதற்கே ஒப்படைத்துவிடுகிறது.

மின்கடத்தாப் பொருள்களின் சுபாவம் வேறு. கம்பளியில் தேய்த்த அம்பர் துரும்பை இழுப்பதைப் பழங்கிரேக்கர் அறிந்திருந்தனர்; தேய்ப்பு என்பதோ தொடும் புள்ளிகளைப் பெருக்கும் உபாயமேயாகும். எப்பொருள் எதனிடம் தன ஏற்றம் பெறும் என்னும் வரிசையை 1757-இல் வில்க்கே என்னும் அறிஞர் வெளியிட்டார். ஆனால் இத்தகைய பொருள்களிடையே பெயர்வன எலக்ட்ரான்கள் மட்டுமா, அயனிகளுமா, பொருளின் நுண்துகள்களுமா என்ற விவாதம், இத்தனை பழைய விஷயமாயிருந்தும், இன்றளவும் தீரவில்லை.

பெயர்ந்த ஏற்றம் தங்குமா என்பது ஈரத்தையும் பொறுத்தது. சென்னையில் சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கம் செல்லும் சாலையிலுள்ள பெரும்பாக்கத்தில், ஒருபுறம் பள்ளிக்கரணைச் சதுப்பும் சற்றுத் தொலைவில் கடலும் இருக்க, ஐப்பசி மழைநாளில் தலைவாரிய சீப்பைக் காகிதத் துணுக்குகளின்மேல் நீட்டிக் காட்டும் ஆசிரியர், அவை ஒட்டாமையால், மாணவர்முன் வெட்கப்பட நேரிடும். குற்றம் அவருடையதன்று. ஈரக்காற்றே மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது என்று பலர் கருதுவதும் சரியன்று. பொருளின் மேற்பரப்பில் படியும் கண்ணுக்குப் புலனாகாத நீர்ப்படலமே ஏற்றத்தை மெல்ல வடியச் செய்கிறது. அதே ஊரில், குளிர்சாதனம் ஈரத்தைப் பிழிந்தெடுத்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலியைவிட்டு எழுந்து கதவின் உலோகப் பிடியைத் தொடுவோர், சுருக்கென்று விரலில் தைப்பதை உணர்வதுண்டு. ஏறக்குறைய 3,000 வோல்ட் இருந்தால்தான் அவ்வுணர்வு தோன்றும். அப்போது மனித உடலிலிருந்து பாய்வன சுமார் 2 லட்சம் கோடி எலக்ட்ரான்கள். எண் மலைக்க வைப்பினும் அந்த ஏற்றம் ஒரு கூலூமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லையாதலால் உயிருக்கு ஹானியில்லை.

பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க மட்டும் அது போதும். வெடிமருந்து விஷயத்தில் அபாயம் இன்னும் அதிகம். பட்டாசும் தீக்குச்சியும் விரைவில் உலர்வதற்கு அனுகூலமான வறண்ட சீதோஷ்ணமே சிவகாசியில் அத்தொழில்கள் செழித்தமைக்கு ஒரு காரணம். ஏற்றம் வடியாமல் தங்கிவிடுவதற்கும் அவ்வறட்சியே காரணமாகிறது. மேலும், பட்டாசுக் கலவையில் சேரும் கந்தகம் சாமானியமான பொருளன்று. பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மானியரான கெரிக்கே மின்னேற்றம் உண்டாக்கச் சுழற்றிய உருண்டை கந்தகத்தால் ஆனதே. ஆதலால் மருந்துக் கலவை அறைகளில் வேலை செய்வோர் செயற்கை இழை ஆடைகளைத் தவிர்த்துப் பருத்தியுடை உடுத்த வேண்டும் என்பதும், உள்ளே நுழையுமுன் வாயிலில் பதித்து நிலத்தோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு உடலிலுள்ள ஏற்றத்தை மண்ணில் இறக்கிவிட வேண்டும் என்பதும் அங்குள்ள பாதுகாப்பு முறைகள்.