அரசு தோட்டத்துரையான காலம்: ஊவா மலைகளில் ஒரு முகாமை வரலாறு

சட்டம் இயற்றுதலும் வரி தண்டுதலும் நீதி வழங்குதலும் அரசின் தொழில்கள் என்பதை யாவரும் ஒப்புவர். காலையிற் பிரட்டுக் கூட்டி, மாலையிற் கொழுந்து நிறுத்து, தேயிலையை ஏலத்தில் விற்கும் தொழிலையும் அரசே ஏற்று நடத்தலாமோ என்பது வேறு வினா. இருபதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் ஆட்சிச் சுதந்திரம் பெற்ற பல நாடுகள் இவ்வினாவுக்கு 'ஆம்' என விடையிறுத்தன. கயானா 1976 இல் புக்கர் கம்பனியின் கரும்புத் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. திரினிடாட்டின் கறோனிக் கரும்புத் தோட்டங்களும் அப்பத்தாண்டிலேயே அரசின் கைக்கு வந்தன. அங்கு கரும்பு வெட்டியோருள் சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறியோரின் வழித்தோன்றல்களும் இருந்தனர் என்பதை எண்ணுங்கால், அவ்வரலாறு நமக்கு அயலார் வரலாறன்று.

இலங்கையில் இம்மாற்றம் இருபடியாக நிகழ்ந்தது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் ஒருவர் வைத்திருக்கத்தக்க காணிக்கு உச்ச எல்லை விதித்தது. வயலாயின் 25 ஏக்கர், ஏனையவாயின் 50 ஏக்கர். பொதுக் கம்பனிகளை அச்சட்டம் தீண்டவில்லை. அவற்றின் தோட்டங்கள் 1975 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தாலேயே காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவைச் சேர்ந்தன. பூனாகலையைச் சூழ்ந்த பண்டாரவளை, கொஸ்லாந்தைப் பகுதிகளிலும் இலண்டனிற் பங்குதாரர் கூட்டம் நடத்திய கம்பனிகளின் காலம் அத்துடன் முடிந்தது.

முகாமையைப் பயில்வோர் ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். நாட்டுத் தோட்டங்கள் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படவில்லை. 1958 இலேயே சட்டத்தால் அமைந்த அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஒன்று. 1976 இல் எழுந்த மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை மற்றொன்று. ஒரே தொழிலுக்கு இரு தலைமைகள் ஏன் என்பதற்கு நிர்வாக நூல்களில் விடை தேடுதல் வீண். அதனை அரசியலிலேதான் தேடல் வேண்டும். பழைய தோட்டத்துரை கொழும்பு முகவர் நிலையமொன்றுக்கு விடை கூறினார். புதிய அத்தியட்சகரோ பிராந்திய அலுவலகத்துக்கும் தலைமையகத்துக்கும் அமைச்சுக்கும், எழுதாச் சட்டமாய்த் தொகுதியின் அரசியல்வாதிக்கும் விடை கூறவேண்டியவரானார்.

விளைவு யாது? 1965 இல் 22 கோடி 80 இலட்சம் கிலோகிராமாயிருந்த நாட்டின் தேயிலை விளைச்சல் 1983 இல் ஏறத்தாழ 18 கோடியாகக் குன்றிற்று. இதனை முற்றிலும் அரசின் தலையிற் சுமத்துவோர் உளர். யான் அவ்வாறு கருதேன். 1983 வறட்சி மிகுந்த ஆண்டு. அன்றியும், கையேற்பு வருமென அஞ்சிய கம்பனிகள் அதற்குப் பல்லாண்டு முன்பே மறுநடுகையைப் புறக்கணித்திருந்தன. அரசு ஏற்றதில் ஒரு பெரும்பகுதி முதிர்ந்த விதைத்தேயிலையே. ஆயினும் 1984 இல் உலகச் சந்தையில் விலை உயர்ந்தபோது கிடைத்த பொருளிற் கணிசமான பங்கு, மலைக்குத் திரும்பாமல் ஏற்றுமதித் தீர்வையாகக் கருவூலத்துட் புகுந்தமைக்கு வேறெவரைக் குறைகூறுவது?

தொழிலாளர் நிலையோ இருமுகமுடையது. கையேற்பின் தொடக்க ஆண்டுகள் கொடியன. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தோட்டக் காணிகளைப் பிரித்து வழங்குதலை எதிர்த்த போராட்டத்தில், 1977 மே மாதம், டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். குடியுரிமையற்ற மக்களுக்கு 'மக்கள் உடைமை' என்ற சொல் என்ன பொருள் தந்திருக்கும்! பின்னரே, 1984 இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைத்தது. தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரச பாடசாலைகளாயின. இக்கட்டுரையை எழுதும் ஆசிரியன் அப்பாடசாலைகளுள் ஒன்றிற் பயின்றவனே.

நட்டம் பெருகவே, 1992 இல் தோட்டங்களின் முகாமை இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளிடம் விடப்பட்டது. பின்னர் குத்தகை 2045 வரை நீட்டப்பெற்றது. நிலம் அரசுக்கு, நடத்துதல் கம்பனிக்கு என்பது ஏற்பாடு. அவ்வாண்டில் யான் சிறுவன். எங்கள் லயத்துக் கூரைத்தகரம் ஒழுகுவது பற்றி எந்தையார் முன்னைய நிர்வாகத்துக்கு எழுதிய விண்ணப்பம் ஓராண்டாகக் கிடந்தது. புதிய அலுவலகத்திற் கேட்டபோது, அது பழைய கோவையைச் சேர்ந்தது, புதிதாக எழுதுக என்றனர். எந்தையார் மீண்டும் எழுதினார். அவ்வாண்டு மாரியிலும் சட்டி வைத்தே நீரேந்தினோம்.

சிறு செய்தியே. ஆயின் லயத்துக்குப் பொறுப்பானவர் யார் என்ற அதே வினா, எங்கள் மலையிலேயே பேரிழப்பாக வெளிப்பட்டது. கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைச் சரிவு மண்சரிவு அபாயமுடையது என 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. நிலவுடைமை ஓரிடத்தும், முகாமை வேறிடத்தும், அனர்த்தப் பணி இன்னோரிடத்துமாக இருந்தன. எச்சரிக்கை அறிந்தோர் பலர். குடிகளை எழுப்பி, மாற்றிடம் காட்டி, வீடமைத்துக் கொடுக்கும் கடமை தமதென ஏற்றோர் இலர். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை மலை இறங்கிற்று. லயங்களும் மனிதரும் மண்ணுள் மறைந்தனர். பலரின் உடல் இன்றும் அங்கேயே உளது.

அரசுடைமை நன்றோ கம்பனியுடைமை நன்றோ என்று மாணவர் பட்டிமண்டபங்களில் வாதிடக் கேட்டிருக்கிறேன். திரினிடாட்டில் 2003 இல் கறோனி மூடப்பட்டபோது, வேலையிழந்தோர்க்கு ஈட்டுத்தொகையோடு காணித்துண்டும் உறுதியளிக்கப்பட்டது. அக்காணி கைக்கு வரப் பலர் ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்தனர் என்பது உண்மையே. ஆயினும், தோட்டத்திலிருந்து நீங்குவோனுக்கு நிலத்தில் உரிமை உண்டு என்ற கொள்கையேனும் அங்கு ஏட்டிலேறிற்று. இங்கே இரண்டு கைமாற்றங்களிலும், 1975 இலும் 1992 இலும், தேயிலைச் செடியும் தொழிற்சாலையும் எண்ணிக் கணக்கிடப்பெற்றன. லயக் காம்பிராவில் நான்கு தலைமுறை வாழ்ந்தவன் பெயருக்கு உறுதி எழுதுதல் எந்த ஏற்பாட்டிலும் இடம்பெறவில்லை. மீரியபெத்தையில் எஞ்சியோர்க்கு 2016 இல் பூனாகலைப் பக்கத்து மாகல்தெனியவிற் புதுவீடுகள் கிடைத்தன. இடைப்பட்ட ஈராண்டும் அவர்களுட் பலர் தங்கியிருந்தது ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில்.