வாழ்த்து மடலும் வெட்டு இயந்திரமும்

வாழ்த்துக் கூறுதல் தமிழர்க்குப் புதிதன்று. நூலின் முகப்பிலே கடவுள் வாழ்த்து. மணவறையிலே மங்கல வாழ்த்து. கூத்துக் களரியிலே சபையோர்க்கு வாழ்த்து. எத்தொழிலையும் வாழ்த்தோடு தொடங்கி வாழ்த்தோடு முடிக்கும் நாம், அவ்வாழ்த்தைக் கடதாசி மட்டையொன்றில் அடக்கித் தபாற் பெட்டியில் இடும் வழக்கத்தை மட்டும் பிறரிடமிருந்து பெற்றோம். பெற்ற வழக்கம் நம் கண்முன்னே வளர்ந்து, தளர்ந்து, இப்பொழுது எதிர்பாராத ஒரு கருவியின் துணையோடு மீண்டும் தலைகாட்டுகின்றது. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இதனை எழுதத் தூண்டியது எங்கள் வீட்டிலெழுந்த ஒரு சிறு வழக்கு. சென்ற தைப்பொங்கலுக்குக் கனடாவிலிருக்கும் என் மருமகள், புளியந்தீவிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு வாழ்த்து மடல் அனுப்பியிருந்தாள். நடுவே பொங்கற்பானை, இருபுறமும் கரும்பு, பின்னே கதிரவன். மூன்று நிறக் கடதாசிகளில் நுணுக்கமாக வெட்டி, ஒன்றன்மேலொன்றாக ஒட்டப்பட்டவை. பின்புறத்திலே, கையினாற் செய்தது என்று எழுதியிருந்தாள். என் தமையனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது கை வெட்டின வெட்டில்லை, மெசின் வெட்டு. பிறகென்ன கைவேலை?" என்றார். தொலைபேசியிற் கேட்டபோது, "வெட்டினதுதான் மெசின், மாமா, மிச்சமெல்லாம் என்ட கைதான்" என்றாள் அவள். தமையனார் ஒப்பவில்லை. இருவரில் யார் பக்கம் நியாயம்?

வழக்கை நம் ஓலையிலிருந்தே தொடங்கலாம். மடல் என்ற சொல்லே பூவுக்கும் பனைக்கும் உரியது. கண்ணகியம்மன் கோயில்கள் மலிந்த மட்டக்களப்பிலே சிலப்பதிகாரக் கதையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிரிந்து சென்ற கோவலனுக்கு மாதவி தாழம்பூ மடலிலே, பித்திகை அரும்பை எழுதுகோலாக்கிச் செம்பஞ்சுக் குழம்பு தோய்த்துத் திருமுகம் எழுதினாள். கையினாற் செய்த மடலுக்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடையாது. ஆயினும் கோவலன் அதனை வாங்க மறுத்தான். நல்ல கைவேலைக்கும் அந்தக் கதி நேர்வதுண்டு.

மாதவி எழுதியது மையெழுத்து. நம் ஏட்டெழுத்தோ மையினாலான எழுத்தன்று, கீறலினாலானது. எழுத்தாணி ஓலையின் மேற்றோலைக் கீறிச் செல்லும்; பின்னர்க் கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால் கீறலிலே கறுப்புத் தங்கி எழுத்துத் தோன்றும். எழுதுவோன் ஓலையை இடக்கையில் ஏந்தி, அக்கையின் பெருவிரலால் எழுத்தாணிக்கு முட்டுக் கொடுத்து, எழுத எழுத ஓலையை நகர்த்திக்கொண்டே போவான். கருவி ஓரளவு நிலையாக நிற்க, எழுதப்படும் பொருளே பெரும்பாலும் அசைந்தது என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியை ஏடெழுதுவோர் பெரும்பாலும் இடாமலே விட்டனர். கூரிய எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்ற அச்சமே காரணம் என்பர். இவ்விரண்டும் பின்னே பயன்படும்.

இனி அச்சு மடலுக்கு வருவோம். இங்கிலாந்திலே 1840ஆம் ஆண்டில் ஒரு பென்னிக் கட்டணத்தில் நாட்டின் எப்பகுதிக்கும் கடிதம் அனுப்பும் ஏற்பாடு வந்தது. அதனை உருவாக்கிய ரோலண்ட் ஹில்லுக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் ஹென்றி கோல். கடிதம் மலிந்தது, மலியவே, நத்தார் காலத்தில் வந்து குவியும் கடிதங்களுக்கு மறுமொழி எழுதி மாளாத நிலை அவருக்கு உண்டாயிற்று. 1843இல் ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, அச்சிட்டு, ஒரு மடல் ஒரு சிலிங்காக விற்றார். விற்பனைக்கு வந்த முதல் நத்தார் வாழ்த்து மடல் அதுவே. ஒரு குடும்பத்தார் கூடியிருந்து திராட்சை மது அருந்துவது நடுப்படம். ஏழைகளுக்கு உணவும் உடையும் ஈவது பக்கப்படங்கள். குழந்தைக்கும் மது ஊட்டுகின்றார்களே என்று மதுவிலக்கு அன்பர்கள் அப்பொழுதே சினந்தனர்.

எங்கள் வழக்குக்கு வேண்டிய செய்தி வேறு. அம்மடலின் கோடுகளைக் கல்லச்சு இயந்திரம் இட்டது. நிறங்களை ஆட்கள் கையினாலே தீட்டினர். பெறுவோர் பெயருக்கும் அனுப்புவோர் பெயருக்கும் வெற்றிடம் விடப்பட்டது. முதல் மடலே பாதி இயந்திரம், பாதி கை.

சில ஆண்டுகளின் பின் அமெரிக்காவில் வூஸ்டர் என்னும் ஊரிலே எஸ்தர் ஹௌலண்ட் என்ற நங்கை இதே தொழிலிற் புகுந்தாள். அவள் செய்தவை காதலர் தின மடல்கள். பெரியோர் முகஞ் சுளிக்க வேண்டா, அவள் தந்தையாரே கடதாசிக் கடை வைத்திருந்தவர். இங்கிலாந்திலிருந்து இயந்திரத்தில் அழுத்தித் துளையிட்ட சரிகைக் கடதாசி வரவழைக்கப்பட்டது. வீட்டு மேசையைச் சுற்றித் தோழியர் அமர்ந்து, ஒருத்தி பூப்படங்களை வெட்ட, ஒருத்தி அடிமட்டையை அமைக்க, ஒருத்தி ஒட்ட, மடல்கள் கைமாறிக் கைமாறி நிறைவெய்தின. இருநூறு டொலர் பெறுமதிக்கு வேண்டுதல் கிடைத்தாற் போதும் என்றிருந்தவளுக்கு, அவளுடைய தமையன் ஐயாயிரம் டொலர் வேண்டுதலோடு திரும்பி வந்தான் என்று கூறுவர். அம்மடல்களை இன்று கைவேலை என்றே கண்காட்சிகளில் வைக்கின்றனர். சரிகையை இயந்திரம் வெட்டிற்றே என்று யாரும் அங்கே குறைகூறியதாகத் தெரியவில்லை.

இலங்கையில் முதல் தபால்முத்திரை வெளிவந்தது 1857இல். நத்தார் மடலைப் பார்த்து வெசாக் மடல் எழுந்தது. வெசாக் கூடுகளிலே கடதாசியை நுணுக்கமாக வெட்டும் கலை வளர்ந்ததைச் சொல்லவே வேண்டியதில்லை. தமிழ் நாட்டிலே சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், பொங்கலே தமிழர் திருநாள் என்னும் உணர்ச்சி பரவியபோது பொங்கல் மடல் பெருகிற்று. சிவகாசி அச்சகங்கள் உழவனையும் உமையையும் நடிகரையும் ஒரே விலைக்கு அச்சிட்டுத் தள்ளின.

எங்கள் தகப்பனார் தமக்கு வந்த மடல்களை ஒரு தகரப் பெட்டியிலே சேர்த்து வைத்திருந்தார். 1978 நவம்பர்ச் சூறாவளியிலே கூரை போயிற்று. பெட்டிக்குள் வெள்ளம் புகுந்தது. காயவைத்துப் பார்த்தபோது பேனா மை கரைந்து, யார் யாருக்கு எழுதியது என்பதே தெரியாத நீலக்கறையாய்ப் போயிருந்தது. ஊசியினாற் குத்திப் பூக்கோலமிட்டு அவருடைய மாணவன் ஒருவன் கொடுத்த மடல் ஒன்று மட்டும் கோலம் அழியாமல் இருந்தது. ஓலையிற் கீறியவர்களின் அறிவு அன்றே எனக்குப் புலப்பட்டது.

மடலின் வீழ்ச்சியை நீட்டியுரைக்க வேண்டியதில்லை. 1992 டிசம்பர் 3ஆந் தேதி கைத்தொலைபேசிக்கு அனுப்பப்பட்ட உலகின் முதற் குறுஞ்செய்தி, ஒரு நத்தார் வாழ்த்து. மடலைக் கொன்றது வாழ்த்தேதான்.

இனி இயந்திரத்தின் பிறப்பைப் பார்ப்போம். 1924இல் வியன்னா நகரிற் பிறந்த ஜோசப் கேர்பர் யூத இளைஞர். நாசிகள் ஆட்சியிலிருந்து தப்பி 1940இல் தாயாரோடு அமெரிக்கா வந்து சேர்ந்தார், தந்தையார் தப்பவில்லை. புகையிலைத் தோட்டத்திற் கூலிவேலை செய்து பொறியியல் படித்தார். வளைகோடுகளைக் கணக்கிட்டு அளப்பதிலே சலிப்புற்று, தம் இரவு உடுப்பின் இடுப்பிலிருந்த இழுபடு நாடாவைக் கத்தரித்து, அதில் அளவுக்குறி இட்டு, நீண்டு சுருங்கும் அளவுகோல் ஒன்றை அமைத்தார். ஒருநாள் உடுப்பைப் பறிகொடுத்தவர் பின்னாளில் உலகத்தின் உடுப்புகளையெல்லாம் வெட்டும் இயந்திரத்தை ஆக்கினார் என்பது விந்தையே. 1960களின் இறுதியில் அவர் அமைத்த கருவி, கணினியின் கட்டளைப்படி கத்தியை நடத்தி, அடுக்கிய துணிகளை ஒருங்கே வெட்டிற்று. அங்கே வெட்டுவதிலும் கடினமாயிருந்தது துணியை அசையாமற் பிடித்து வைப்பது. அடியிலிருந்து காற்றை உறிஞ்சி அதனை அவர் தீர்த்தார்.

அவருடைய நிறுவனம் 1983இல் பெயர்ப்பலகை எழுத்துக்களை ஒட்டுத்தாளில் வெட்டும் சிறு இயந்திரத்தை வெளியிட்டது. நம்மூர்க் கடைப் பலகைகளையும் ஒரு காலம் தூரிகைக்காரர்களே எழுதினர். பலகையைப் பார்த்தே எழுதியவர் யாரென்று சொல்லிவிடலாம். அத்தொழில் எங்குந் தேய்ந்தது. தமையனாரின் கோபத்துக்கு இதிலே வேர் உண்டு. அவருடைய நண்பர் ஒருவர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுக் கடையொன்றிற் கணக்கெழுதப் போனவர். அக்கோபத்தை நான் பிழை என்று சொல்ல மாட்டேன்.

இக்குலத்தில் உதித்த வீட்டுக் கருவிகள் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வந்தன. ஜப்பானிய கிராப்டெக் நிறுவனத்தின் வழிவந்த சில்லூட் ஒன்று. அமெரிக்காவின் கிரிக்கட் மற்றொன்று. பெயரைக் கேட்டு நம் இளைஞர் மட்டையையும் பந்தையும் தேட வேண்டா. பன்னிரண்டு அங்குல அகலமுள்ள ஒட்டும் பாயொன்றிலே கடதாசியை ஒட்டி உள்ளே விட்டால், உருளைகள் அதனை முன்னும் பின்னும் இழுக்க, சிறு அலகு குறுக்கே ஓடும். கந்தோர் நாற்காலியின் காற்சில்லு இழுத்த பக்கம் திரும்புவதுபோல, அலகும் கோட்டின் வழியே தானே திரும்பிக்கொள்ளும். ஓலையை நகர்த்தி எழுதியவனை இங்கே நினையுங்கள்: இடக்கையின் வேலையைப் பாயும் உருளையும் செய்கின்றன, எழுத்தாணியின் வேலையை அலகு செய்கின்றது. எதனைக் கீறுவது என்று தெரிந்த தலை மட்டும் இயந்திரத்தில் இல்லை.

தலையில்லாத இயந்திரத்துக்கு உடையவன் யார் என்ற கேள்வியும் எழுந்தது. 2021 மார்ச்சில் கிரிக்கட் நிறுவனம், மாதக் கட்டணம் செலுத்தாதவர்கள் மாதத்துக்கு 20 உருவங்களுக்கு மேல் தன் மென்பொருளில் ஏற்றலாகாது என்று விதிக்கப் புறப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய கருவிக்கு மீண்டுங் காசா என்று வாங்கியோர் கொதித்தெழ, சில நாட்களிலேயே அவ்விதி கைவிடப்பட்டது. கத்தரிக்கோலுக்கு இவ்வகைத் தொல்லை இல்லை என்று தமையனார் சொன்னார். அதில் அவர் பக்கமே நியாயம்.

ஆனால் தமிழ் எழுத்தை வெட்டும்போது கதை மாறுகின்றது. சில மென்பொருள்கள் 'பொ' என்ற எழுத்திலே கொம்பை உரிய இடத்தில் வைக்க அறியாமல் சிதறடிக்கும். பழைய பாமினி எழுத்துருவிலே அடித்தால் அத்தொல்லை குறையும் என்று மருமகள் கண்டுபிடித்திருக்கின்றாள். எழுத்துக்கள் தனித்தனியே கழன்று விழாமல் ஒன்றோடொன்று தொடும்படி அவளே இணைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் புள்ளிகள் தனியே விழும். தைப்பொங்கல் வாழ்த்து என்று வெட்டினால் ஐந்து புள்ளிகள், ஒவ்வொன்றும் கடுகளவு. வெட்டி முடிந்ததும் அவற்றைப் பாயிலிருந்து தட்டார் வைத்திருப்பதுபோன்ற சாவணத்தாற் கிள்ளியெடுத்து, பசை தொட்டு, மூச்சடக்கி, ஒவ்வொரு மெய்க்கும் மேலே இட வேண்டும். தும்மினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஏடெழுதியோர் இடாமல் விட்ட புள்ளியை அவள் கையால் இடுகின்றாள்.

இதனை நான் விளக்கிச் சொன்னபோது தமையனார் ஒன்றும் பேசவில்லை. மடலை யன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பின்பு, "ழகர மெய்யிலே புள்ளி கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு, பிள்ளைக்குச் சொல்லு" என்றார். மடல் இப்பொழுது அவருடைய கண்ணாடி அலுமாரியிலே இருக்கின்றது.