தீர்ப்பில்லாத இரண்டு வருஷம்



அப்போஸ்தலருடைய நடபடிகள் 24-ஆம் அதிகாரத்தை இவ்வாரம் நிதானமாக வாசியுங்கள். செசரியாவில் பவுல் காவலில் இருக்கிறார். அவர்மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலையும் அளிக்கப்படவில்லை. தேசாதிபதியாகிய பேலிக்ஸ் அவரை அடிக்கடி அழைத்துப் பேசுகிறான். தீர்ப்பை மட்டும் தள்ளிப்போடுகிறான். இவ்வாறே இரண்டு வருஷம் கழிகிறது.

இத்தகைய காவல் நமக்குத் தூரமானதன்று. நம் மாவட்டத்தில் பழவிளையிலும் பெருமாள்புரத்திலும் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களை நீங்கள் அறிவீர்கள். அங்குள்ளோர் வெளியே வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். 'சிறப்பு முகாம்' என்பதோ வேறு. ஐயத்திற்குரியவர்களென அரசு கருதியோரை, 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்தின்கீழ் அடைத்துவைக்க 1990-களின் தொடக்கத்தில் எழுந்தவை அவை. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டை முகாமிலிருந்து விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினர். ஆகவே அரசின் அச்சம் காரணமற்றதன்று. ஆயினும் பிணை பெற்றோரும் வழக்கு முடிந்தோரும்கூட அடைபட்டனர். திருச்சி மத்திய சிறை வளாகத்திலுள்ள முகாமில், விடுதலை கேட்டு அவர்கள் பலமுறை உண்ணாவிரதம் இருந்தனர்.

2022 நவம்பர் 11 அன்று, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆறு பேரை விடுவிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களுள் இலங்கையரான நால்வர் சிறையிலிருந்து திருச்சி முகாமுக்கே கொண்டுசெல்லப்பட்டனர். நால்வரில் ஒருவரான சாந்தன், தாயகம் திரும்ப அனுமதி கிடைத்த சில நாள்களில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் மரித்தார். அவருடைய உடலே ஊர் சேர்ந்தது. மற்ற மூவர் ஏப்ரல் 3 அன்று கொழும்பு சென்றனர்.

1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் மாண்டவர்களுடைய குடும்பத்தாரின் கண்ணீரையும் ஆண்டவர் அறிவார். அக்கண்ணீருக்கு நீதிமன்றம் தண்டனையால் பதில் கூறியது. தண்டனைக்கு ஓர் எல்லை உண்டு, தாமதத்திற்கோ எல்லையில்லை. பேலிக்ஸ் பவுலை அடித்ததாக வேதம் கூறவில்லை. அவன் முடிவெடுக்கவில்லை, அதுவே அவன் பாவம்.

எனினும் அவன் ஒரு நன்மை செய்தான்: பவுலின் நண்பர்கள் வந்து உதவுவதைத் தடுக்கலாகாது என்று கட்டளையிட்டான். திறந்திருந்த அந்த ஒரு வாசலே சபையின் வாசல். அடைபட்டோரை நினைவுகூருங்கள், வாய்ப்புள்ளோர் சென்று காணுங்கள், அவர்கள் வழக்குகள் விரைந்து முடியும்படி அதிகாரத்தில் உள்ளோரிடம் கேளுங்கள். பழவிளை முகாமிலிருந்து ஆராதனைக்கு வருவோரை முன்வரிசையில் அமர்த்துங்கள்.

காவலில் காத்திருப்போரை மறவாத கர்த்தர் நம்மையும் மறவாதவர்களாக்குவாராக. ஆமென்.